அரக்கு பூசிய கொடிவேலி

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஜவ்வாது மலையில் எடுத்த ஒரு செடியின் படம் என் மேசைக்கு வந்தது.
2. மூலிகை எண்ணெய் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மேனேஜர் எதிரே உட்கார்ந்து, அது என்ன செடி என்று எழுதித் தரும்படி கேட்டார்.
3. பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்.
4. அந்தக் கடிதத்தை வைத்து, மலையில் வேர் பிடுங்கிப் பிழைக்கும் சின்னாண்டி என்பவரின் காட்டு அனுமதிச் சீட்டை வனத்துறையில் பறித்து வைத்துக்கொண்டார்கள்.
5. நான் எழுதியது தப்பு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம். படம் அனுப்பி என்னிடம் செடிப் பெயர் கேட்கிற உங்களில் இரண்டு பேர் போன வாரம் என்னிடம், "கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு எப்படி மேடம் செடியைக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டீர்கள். கண்டுபிடித்த கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைவிட இது உங்களுக்கு உபயோகப்படும்.

மலைச் செடிகளைக் கணக்கெடுக்கும் அலுவலகம், மலையே இல்லாத காஞ்சிபுரத்தில் ஏன் இருந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஜவ்வாது மலைக்கும் சென்னைக்கும் நடுவில் ஒரு ஊர் வேண்டும் என்பது கோப்பில் இருந்த காரணம். மேலதிகாரியின் மாமனார் வீடு இங்கேதான் என்பது எங்கள் கள உதவியாளர் எழுமலை சொன்ன காரணம். ஒரு மாடிக் கூடத்தில் நான்கு மேசை, ஆறு அலமாரி. கீழே மூன்று தறிகள். தறி ஓடினால் என் மேசையில் வைத்த லென்ஸ் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். அது விளிம்புக்கு வருவதைப் பார்த்துத்தான் மணி பதினொன்று ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். ஜன்னலுக்கு வெளியே, சாயம் தோய்த்த பட்டு நூல் மூங்கில் கழியில் தொங்கும். ஒரு நாள் மாம்பழ மஞ்சள், மறுநாள் கத்தரிப்பூ. காற்றடித்தால் என் காகிதங்கள் மேல் அந்த நிறம் ஆடும். இப்போது நினைத்தாலும் அந்தக் கூடத்துக்குள் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது.

எழுமலை முசரவாக்கத்துக்காரர். மாதத்தில் இருபது நாள் மலையில் இருப்பார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. செடியின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுப்பார். ஒரு சுருள் முழுக்கத் தீப்பெட்டிக்குப் பதிலாகச் செருப்பு இருந்தது. மேலதிகாரி அந்தப் படங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"என்னய்யா இது?"

"தீப்பெட்டி நனஞ்சி போச்சி சார்."

"அதுக்காகச் செருப்பா? இதை நான் மேலே அனுப்பணும்யா."

"கழுவிட்டுத்தான் சார் வெச்சேன்."

அந்த வருட அறிக்கையில் மூன்று பெரணிகள் எழுமலையின் இடது கால் செருப்புடன்தான் போயின. அளவு சரியாகத்தான் இருந்தது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். கலர் ஃபிலிம் எங்களுக்குக் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எழுமலை ஒவ்வொரு செடிக்கும் ஒரு துண்டுச் சீட்டில் நிறத்தை எழுதுவார்: பூ வெள்ளை, தண்டு பச்சை, பழம் ஊதா, இப்படி. அந்தச் சீட்டும் சுருளும் ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்த ஸ்டுடியோவுக்குப் போகும். அங்கே படத்தைக் கழுவிப் பெரிதாக்கி, சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து நிறம் தீட்டி, சீட்டோடு திருப்பிக் கொடுப்பார்கள். தீட்டியது ருக்மணி, ஸ்டுடியோக்காரரின் மனைவி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். என் வயதுதான், ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுடைய உண்மையான தொழில் கல்யாணப் படங்கள். புடவை அரக்குச் சிவப்பா, மயில் கழுத்தா, பார்டர் எத்தனை விரல் என்று மணப்பெண் வீட்டில் கேட்டுக் குறித்துக்கொண்டு, இம்மி பிசகாமல் தீட்டுவாள். "பார்டர் கலர் மாறிச்சின்னா சம்பந்தி சண்டையே வந்துரும்க்கா" என்பாள். எங்கள் செடிகள் அவளுக்கு வேடிக்கை. "இதுங்களுக்கெல்லாம் யாருக்கா கல்யாணம்?" என்று கேட்பாள். என் வெள்ளைப் பருத்திப் புடவையைப் பார்த்து, "உங்க போட்டோ வந்தா எனக்கு வேலையே இல்ல, அப்படியே குடுத்துரலாம்" என்றும் சொல்லியிருக்கிறாள்.

மேனேஜர் வந்த அன்று மேலதிகாரி சென்னை போயிருந்தார். எழுமலை மலையில் இருந்தார். வந்தவர் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். அவருடைய கம்பெனியின் மூட்டுவலி எண்ணெயைத் தடவிய மூன்று பேருக்குத் தோல் கொப்பளித்துவிட்டது. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எண்ணெயில் கொடிவேலி வேர் சேர்கிறது. சித்திரமூலம் என்றும் சொல்வார்களே, அதுதான். கொடிவேலியில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. சிவப்பின் வேர் காரம் அதிகம். கம்பெனி கேட்டது வெள்ளை. சின்னாண்டி சிவப்பை அனுப்பிவிட்டார் என்பது மேனேஜரின் சந்தேகம்.

"உங்க ஆளு ரெண்டு மாசம் முந்தி அந்தச் சின்னாண்டியைக் கூட்டிக்கினு போய், அவன் வேர் புடுங்கற எடத்துலயே போட்டோ எடுத்திருக்காரு. அதை எடுங்க. சிவப்பா வெள்ளையான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மத்தியானம் ரேஞ்சரைப் பார்க்கப் போறேன்."

படத்தை எடுத்தேன். பாறைச் சரிவு. ஓரத்தில் தீப்பெட்டி. ஐந்திதழ்ப் பூ, மெல்லிய நீண்ட குழல். கொடிவேலிதான், அதில் சந்தேகமே இல்லை. பூ நல்ல சிவப்பு.

"வேர் சாம்பிள் இருந்தாத்தான் சரியாச் சொல்ல முடியும் சார். செடியைக் காயவெச்சு அனுப்பச் சொல்லியிருக்கோம், இன்னும் வரல."

"ஒரு பூ சிவப்பா வெள்ளையான்னு சொல்றதுக்கு பி.எஸ்சி. பத்தாதாம்மா?"

"நான் எம்.எஸ்சி. சார்."

அன்று நான் செய்த ஒரே திருத்தம் அதுதான்.

எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஏழு கேள்விகள் கேட்க வேண்டும் என்று நானே ஒரு பட்டியல் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். பூவின் வடிவம், இலை, அளவு வரைக்கும் வந்தேன். நான்காவது, நிறச் சீட்டு எங்கே என்பது. ஐந்தாவது, இந்தச் செடி அந்த இடத்தில் வளருமா என்பது. சிவப்புக் கொடிவேலியைத் தோட்டத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன், நம் மலைச் சரிவில் தானாக முளைத்து அதுவரை பார்த்ததில்லை. அதை நினைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் மேலதிகாரியைத் தேடாமல் என்னிடம் கேட்கிறார் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. "படத்தில் உள்ள செடி செங்கொடிவேலி" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் வைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து எழுமலை மாடியேறி வந்தார். பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தோளில் கம்பளி, கையில் ஈரச் சாக்கு.

"மேடம், இவருதான் சின்னாண்டி."

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் எதிரே வந்து நின்றார். மலைக்காரர்கள் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள்.

"நீதான் எழுதினியாம்மா?"

"ஆமாங்க."

"பெரிய ஆளா இருப்பேன்னு நெனச்சிக்கினு வந்தேன்."

"பெரியவரே, அவங்க மேடம்" என்றார் எழுமலை.

"மேடம்னா பூவு கலர் தெரியாதா?"

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் காட்டுக்குள் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள். கடுக்காய் பொறுக்கிக் காசு பார்க்கிற பருவம் அது. வீட்டில் ஏழு பேர். அவர் கட்டடம் கட்டுகிற இடத்தில் மண் சுமக்கிறாராம். இதையெல்லாம் எழுமலைதான் சொன்னார். சின்னாண்டி சாக்கைத் திறந்து வேரோடு ஒரு செடியை என் மேசையில் வைத்தார். வெள்ளைப் பூ வாடியிருந்தது.

செடியைக் கொண்டு வந்ததில் பிரயோஜனமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வேறெங்கோ பிடுங்கி வந்தான் என்று மேனேஜர் சொல்லிவிடுவார். என் கடிதம் நிற்பது படத்தின் மேல். அதனால் படத்தை எடுத்துச் சின்னாண்டியிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாறை எங்களுது. பூவு எங்களுது இல்ல."

"எழுமலை, நீங்க சீட்டுல என்ன எழுதினீங்க?"

"வெள்ளைன்னுதான் மேடம் எழுதினேன். அங்க சிவப்பு எங்க இருக்குது?"

நிறச் சீட்டுக் கட்டை எடுத்தேன். அந்தச் சுருளுக்குச் சீட்டே இல்லை. எங்கே போயிற்று என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுமலை படியிறங்கத் தொடங்கிவிட்டார். மூன்று பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம்.

ருக்மணி ஒரு மணப்பெண்ணின் வளையலுக்கு மஞ்சள் தொட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

"இந்த ரோலுக்குச் சீட்டு கூழாத்தான் வந்துச்சிக்கா. மழையில நனஞ்சிருக்குது. ஒரு எழுத்து தெரியல, தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்போ சிவப்பு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. இலையெல்லாம் கிளிப்பச்சை வெச்சிட்டேன். அது மேல வெறும் வெள்ளையா விட்டா நல்லாவாக்கா இருக்கும்? கிளிப்பச்சைப் புடவை உடம்புக்கு அரக்குதானே பார்டர்? அதான் வெச்சேன். ஏன், நல்லா இல்லையா?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என் குற்றம். நானும் இந்த ஊர்க்காரி. கிளிப்பச்சையையும் அரக்கையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண். அந்தப் படத்தில் எதுவும் என்னை உறுத்தவில்லை. வேறு ஊரிலிருந்து வந்தவர் யாராவது பார்த்திருந்தால், காட்டுப் பூ எப்படிப் புடவைக் கணக்காக இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்திருப்பார்.

"இதை அழிக்க முடியுமா?"

பஞ்சை டர்பன்டைனில் நனைத்து ஒரு பூவின் மேல் மெல்ல ஒற்றினாள். பஞ்சு சிவந்தது. அடியில் இதழ் வெளேரென்று இருந்தது. உண்மையான சிவப்புப் பூவாக இருந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் நிறமாக விழுந்திருக்கும். சின்னாண்டி குனிந்து பார்த்தார்.

"அட, இது நம்ம பூவு" என்றார். ருக்மணியைப் பார்த்து, "ஏம்மா, எங்க மலைக்கே புடவை கட்டிட்டியே" என்றார்.

சின்னாண்டி யார், ஏன் வந்திருக்கிறார் என்று எழுமலை சொன்னதும் அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். பூசாத பிரதி ஒன்று உடனே போட்டுக் கொடுக்கும்படி கணவரிடம் தெலுங்கில் சொன்னாள்.

இனி உங்களுக்காகவே எழுதுகிற பகுதி. பிரதியோடு மேலதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்டவரில்லை அவர்.

"காயவெச்ச செடி வரட்டும்மா. வந்ததும், மறு ஆய்வில் வெள்ளைன்னு தெரியுதுன்னு ஒரு கடிதம் போட்டுடலாம். யார் மேலயும் தப்பு வராது."

"எப்போ வரும் சார்?"

"ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அவருக்குச் சீட்டு கிடையாது சார்."

"ஏம்மா, உனக்கு இன்னும் புரொபேஷன் முடியல. நான்தான் தப்பா எழுதினேன்னு நீயே எழுதினா அது உன் கோப்புல ஏறும். கடைசிவரைக்கும் இருக்கும். அடுத்த பொம்பளையை வேலைக்கு எடுக்கும்போதும் அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். மேசைக்கு வந்து ஒரு தாளை எடுத்து, என் வழக்கப்படி நடுவில் ஒரு கோடு போட்டேன். காத்திருந்தால் எனக்கு என்ன மிச்சமாகும் என்று ஒரு பக்கம் ஐந்து வரி வந்தது. காத்திருந்தால் சின்னாண்டிக்கு என்ன போகும் என்று இன்னொரு பக்கம் ஒரே வரிதான் வந்தது: இந்தப் பருவம். எண்ணிக்கை பார்த்து முடிவு செய்ய முடியாத பட்டியல்களும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கடிதத்தை எழுதினேன். மேலதிகாரி, "நான் தடுக்கல. ஆனா நான் அனுப்பவும் இல்ல. நீயே எடுத்துக்கினு போ" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் சின்னாண்டியும் நானும் மலையடிவாரத்து வன அலுவலகத்துக்குப் போனோம். ரேஞ்சர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ மொதல்ல எழுதினது?"

"தப்பு சார். நிறத்தைச் சரிபார்க்காம எழுதிட்டேன். படத்துல இருக்கறது வெண்கொடிவேலி."

"அப்போ இவர் கம்பெனிக்கு அனுப்பினது வெள்ளைதான், அப்படித்தானே?"

சின்னாண்டி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததும் அதற்காகத்தான். எனக்கும் உள்ளுக்குள் அவர் அனுப்பியது வெள்ளைதான் என்று நிச்சயம் இருந்தது. ஆனால் அந்த மூட்டையை நான் பார்த்ததில்லை.

"அது எனக்குத் தெரியாது சார். மூட்டையில இருந்த வேரை நான் பார்க்கல. அவர் புடுங்கற எடத்துல இருக்கறது வெள்ளைன்னு மட்டும்தான் இந்தப் படம் சொல்லுது. இன்னொண்ணும் சொல்லலாம். வெள்ளை வேரையும் காரம் போகச் சுத்தி செய்யாம எண்ணெயில போட்டா கொப்பளிக்கும். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அது."

ரேஞ்சர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "மொதல் தடவை இவ்வளவு யோசிச்சிருந்தா எனக்கு ஒரு ஃபைல் மிச்சம்" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து சின்னாண்டியின் சீட்டை எடுத்து, பின்பக்கம் ஏதோ எழுதி, அவரிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் சின்னாண்டி சீட்டைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா என்று இப்போது ஞாபகமில்லை.

"உள்ள நீ பார்த்ததை மட்டும் சொன்ன" என்றார். "எனக்குக் கோவம்தான் வந்துச்சி. ஆனா அதையே மொதல்லயும் செஞ்சிருக்கலாமேம்மா."

மலைக்குப் போகிற பஸ் முதலில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

பிறகு நடந்தவற்றில் எனக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். எண்ணெய் ஏன் கொப்பளித்தது என்று கம்பெனி யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவர் பிழைத்து வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். காயவைத்த செடி மூன்று மாதம் கழித்து வந்தது, வெள்ளைதான். என் புரொபேஷன் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது, காரணம் எழுதப்படவில்லை. ருக்மணி அதற்குப் பிறகு சீட்டு இல்லாத படத்துக்கு நிறம் வைக்க மறுத்துவிட்டாள். மேலதிகாரியே நேரில் போய்க் கேட்டும் கொடுக்கவில்லை. "கல்யாணப் படம்னா வீட்டுல கேட்டுக்கலாம் சார், இதை யார்கிட்ட கேக்கறது?" என்றாளாம்.

உங்கள் கைப்பேசிகள் நிறத்தைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. மாலை வெயிலில் எடுத்த வெள்ளைப் பூ மஞ்சளாக வருகிறது, நிழலில் எடுத்த ஊதா நீலமாக வருகிறது. யார் தீட்டினார்கள் என்று போய்க் கேட்க உங்களுக்கு ஒரு சந்துகூட இல்லை. எடுத்தவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதையும் எழுதிவையுங்கள். யாராவது கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும்.

இன்றைய நிலை இது. சின்னாண்டி அந்தக் கம்பெனிக்கு மறுபடி வேர் கொடுக்கவில்லை. கடைசிவரை சீட்டோடு காட்டுக்குள் போய் வந்தார் என்று எழுமலை சொன்னார். என் இரண்டு கடிதங்களும் ஒரே கோப்பில் இருக்கின்றன. முதலாவதை எடுத்துவிடலாமா என்று ஓய்வு பெறும்போது கேட்டார்கள், வேண்டாம் என்றேன். இந்த வாரம் நீங்கள் அனுப்பியவை பதினொரு படங்கள். ஏழுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். மற்ற நான்கும் என்ன செடி என்று எனக்குத் தெரியவில்லை.